மைத்துனர் கையும் ஆரஞ்சுத் தபால்தலையும்

செக்கர் என்றுதான் அவரை எல்லோரும் அழைத்தார்கள். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, சீருடை பெட்டிக்குள் போன பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுக் கழலவில்லை. பால்காரர் அப்படித்தான் கூப்பிட்டார், முடிதிருத்துகிறவர் அப்படித்தான் கூப்பிட்டார். மனைவி மட்டும் "என்னங்க" என்பாள். கோபம் வந்தால் அவளும் "செக்கர் சார்" என்பாள்.

வேலையில் அவர் கெடுபிடியானவர், ஆனால் நேர்மையானவர். நிறுத்தத்தில் அவர் நிற்பதைத் தூரத்தில் பார்த்ததுமே பேருந்துக்குள் ஒரு சலசலப்பு எழும். டிக்கெட் வாங்கியவர்கள்கூட ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். தூங்குகிறவரை அவர் நம்பமாட்டார். சிரிக்கிறவரை அதைவிட நம்பமாட்டார். "எவன் ரொம்ப நல்லவனா இருக்கானோ அவன்கிட்ட முதல்ல கேளு" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவர் அரளவில்லை. இருட்டைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவர், அவ்வளவுதான்.

பழைய காகிதம் சேர்க்கும் பழக்கம் பேருந்துக்குள்தான் ஆரம்பித்தது. ஒரு நெரிசலான மாலையில் ஒரு பெரியவர் டிக்கெட் என்று நினைத்து, எடை பார்க்கும் இயந்திரம் தள்ளிய அட்டையை நீட்டிவிட்டார். ஒரு பக்கம் எடை. மறுபக்கம், "உங்கள் நற்குணத்தால் அனைவரும் உங்களை நம்புவார்கள்" என்ற பலன். உண்மையான டிக்கெட் இன்னொரு பையில் இருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார். அட்டை செக்கரின் கையில் நின்றுவிட்டது. அதில் எழுதியிருந்ததை அவர் நம்பவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு பேருந்து டிக்கெட்டுகள், தீப்பெட்டி ஒட்டுப்படங்கள், சோப்பு உறைகள், சினிமாச் சீட்டுகள், தபால்தலைகள் என்று வளர்ந்து, கடைசியில் படம் போட்ட பழைய அஞ்சலட்டைகளில் போய் நின்றது. மனிதர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லை, காகிதத்தைச் சரிபார்க்கலாம். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. "நாளை வருகிறேன்" என்று யாரோ யாருக்கோ எழுதிய அட்டை ஒன்று அவரிடம் இருந்தது. போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரைத் தேதியைப் பார்த்தால், ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் அட்டை வந்திருக்கிறது. "வந்தவன் வாசல்ல நின்னு அவன் கடுதாசிய அவனே வாங்கியிருப்பான்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பது அபூர்வம். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வருவார். மனைவியின் தம்பி, படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். சந்துக்குள் ஒடுக்கமான கடை. மரத்தூள் வாடையும் பசை வாடையும் சேர்ந்து அடிக்கும். பழைய படத்துக்குப் புதுச் சட்டம் போடக் கொண்டுவருவார்கள். பின்பலகையைக் கழற்றினால், படம் ஆடாமல் இருக்க அந்தக் காலத்தில் யாரோ அடைத்த காகிதங்கள் இருக்கும்: பழைய ரசீது, நாளிதழ்த் துண்டு, சில சமயம் அஞ்சலட்டை. "இது வேணுமா?" என்று அவர் உரியவரிடம் கேட்பார். "குப்பை, நீங்களே வச்சுக்கங்க" என்பார்கள். வைத்துக்கொள்வார். கிடைத்ததில் பாதி ஒரு தகரப் பெட்டியில் அக்காள் வீட்டுக்கு வந்துவிடும்.

இருவருக்கும் ஒரு முறை இருந்தது. விலை பேசுவதில்லை, மாற்றிக்கொள்வதுதான். மாற்றுவதற்கு முன் எந்த அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். ஒட்டுப்போட்டது, சுரண்டியது, குண்டூசி குத்திச் சுவரில் மாட்டியது எல்லாம் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

"அத்தான், இந்த மலைப்பாதை அட்டைக்கு உங்க துறைமுக மணிக்கூண்டக் குடுங்க."

"மூலை மடங்கியிருக்கே மாப்ள."

"உங்க காதுகூடத்தான் மடங்கியிருக்கு. எங்கக்கா வேணாம்னா சொன்னா?"

சமையலறையிலிருந்து குரல் வரும்: "சொல்லியிருக்கணும்டா. அப்ப என்னைய யாரு கேட்டா?"

அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். வாரத்தில் மற்ற நாட்களில் சத்தம் இல்லாமல் கிடக்கும் அந்த வீட்டில், அன்றைக்கு மட்டும் தாளிக்கும் சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

மகன் வேலைக்காக வெளியூர் போனதும் அவன் அறையைச் செக்கர் எடுத்துக்கொண்டார். சுவரில் பதித்த அலமாரி. கதவை மூடினால் எறும்பு நுழையாது. கீழ்த்தட்டில், ரப்பர் வளையம் போட்டுக் கட்டு கட்டாக அடுக்கிய பேருந்து டிக்கெட்டுகள், செருப்புப் பெட்டிகள் நிறைய. மேல்தட்டில் ஆல்பங்கள்; துறைமுகப் படங்கள் போட்ட அஞ்சலட்டை வரிசைக்கென்றே ஓர் ஆல்பம். சாவி அவர் இடுப்பில்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனர் ஒரு நாள் ஒரு மெல்லிய காகித உறையைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு வீட்டுப் படத்தின் முதுகில் கிடைத்தது. உள்ளே இரண்டு தபால்தலைகள். பாய்மரக் கப்பல், நிறம் ஆரஞ்சு. முத்திரை விழாதவை, பசைகூடக் கலையாதவை. இரண்டும் கங்கு மாதிரி ஒளிர்ந்தன.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. எது வேணுமோ எடுத்துக்கங்க."

செக்கர் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்து ஒன்றை எடுத்தார். "ரெண்டும் ஒண்ணுதான் அத்தான். பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்களே" என்றார் மைத்துனர்.

மழைக்காலம் முடிந்து ஒரு முற்பகலில் செக்கர் அந்தக் கப்பலை வைத்திருந்த ஆல்பத்தைத் திறந்தார். கப்பல் பழுப்பாக இருந்தது. மங்கலான, தேநீர் சிந்தினாற்போன்ற பழுப்பு. நிறம் மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆள் மாறிவிட்டது என்றுதான் தோன்றியது. இதே கப்பலைப் பழைய காகிதக் கடைகளில் வெயிலில் கிடந்து கெட்டுப்போன கோலத்தில் அவர் பார்த்திருக்கிறார். அப்படி ஒன்றை இங்கே வைத்துவிட்டு நல்லதை எடுத்துப்போவது பெரிய வித்தை அல்ல. முத்திரை இல்லாத தபால்தலைக்கு என்ன அடையாளம் இருக்கிறது?

அலமாரியைத் தொடுகிறவர் யார் யார் என்று யோசித்தார். யோசிக்க அதிகம் பேர் இல்லை. மனைவிக்குக் காகிதம் என்றால் அடுப்புத் துடைக்கிற காகிதம்தான்.

அவர் மைத்துனரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். இல்லை என்ற பிறகு உஷாராகிவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்காத வழக்கு வழக்கே அல்ல என்பது அவருடைய தொழில் பாடம்.

அந்த வாரமே தேநீர்க் கடையில் தீப்பெட்டி எதிர்ப்பட்டார். தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவர் வாய்க்கும் அது பொருத்தம்தான். போகிற இடமெல்லாம் எதையாவது உரசிவிட்டுத்தான் வருவார்.

"உங்க மச்சினன் கடைல ஒரு கப்பல் பாத்தேன் செக்கர். ஆரஞ்சு. என்னா கலருங்கறீங்க! நேத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அதே மாதிரியா?"

செக்கர் தேநீரை ஊதிக் குடித்தார். சூடு ஆறி வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் சட்டக் கடைக்குப் போனார். மைத்துனர் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், அதிசயமா கடைக்கு? யாராவது டிக்கெட் எடுக்காம உள்ள உக்காந்திருக்காங்களா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அந்தக் கப்பல எடு, பாப்போம்."

மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு உடனே எடுத்துக் காட்டினார். தயங்காமல் காட்டியது செக்கருக்குச் சந்தேகமாக இருந்தது. தயங்கியிருந்தால் அதுவும் சந்தேகமாகத்தான் இருந்திருக்கும். கப்பல் கங்கு போலவே இருந்தது.

"நல்லாத்தான் வச்சிருக்க."

"மரப்பெட்டில தனியா வச்சிருக்கேன். உங்களுது எப்படி இருக்கு?"

அது தெரியாதவன் கேட்கும் கேள்வியா, தெரிந்தவன் ஆழம் பார்க்கும் கேள்வியா? வீடு வந்து சேரும்வரை செக்கர் அதையே மென்றுகொண்டு வந்தார். "இருக்கு" என்று மட்டும் பதில் சொல்லியிருந்தார்.

அடுத்து அவர் செய்த காரியத்தை, காகிதம் சேர்க்கிற எவரும் கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். மனைவி பகல் தூக்கத்தில் இருந்தபோது, அவளுடைய தையல் பெட்டியிலிருந்து இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தார். ஒவ்வொரு அஞ்சலட்டையின் பின்புறத்திலும், முகவரிக்கும் செய்திக்கும் நடுவே ஓடும் கோட்டின் அடிமுனையில் ஒரே ஒரு குத்து. தபால்தலைகளில் ஓரத்து வெள்ளையில், படத்தைத் தொடாமல் ஒரு குத்து.

ஊசித் துளை விழுந்த அட்டை ஊனமான அட்டை. அது அவருக்குத் தெரியாததல்ல. மைத்துனர் ஆசையாகக் கொண்டுவந்த பாலம் போட்ட ஓர் அழகான அட்டையை, குண்டூசி குத்தியிருக்கிறது என்று அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் இனிமேல் இதில் எதுவும் கை மாறப்போவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். எடுக்கிறவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் துளையைக் கண்டுகொண்டால், கண்டுகொள்ளட்டும். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் கை நடுங்கும்.

"என் ஊசிய வச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?"

மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

"அடையாளம் போடறேன்."

"எதுக்கு?"

"காணாமப் போனா கண்டுபிடிக்க."

"இங்கேர்ந்து எப்படிக் காணாமப் போகும்? பால்காரன் வாசலோட போறான். உள்ள இருக்கறது நான், நீங்க..." அவள் நிறுத்தினாள். முகம் மாறியது. "என் தம்பியவா?"

செக்கர் ஊசியைத் துடைத்தார்.

"நாக்குல நரம்பில்லாம பேசறவங்களப் பாத்திருக்கேன். நீங்க பேசாமலே பேசறீங்க. ஒரு துண்டுக் காயிதம் கிடைச்சாலும் பாதியக் கொண்டாந்து உங்க கைல குடுக்கறவன்ங்க அவன்!"

"குடுக்கறவன் எடுக்க மாட்டான்னு சட்டமா?"

"அவனுக்கு இது தெரிஞ்சா இந்த வாசல மிதிக்க மாட்டான். ரோஷக்காரன். அவன் வராத வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு எனக்கு இல்ல. சொல்லிட்டேன் செக்கர் சார்."

"அவன் தப்புப் பண்ணலன்னா அவனுக்கு எதுக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர். அது நல்ல பதில் என்று அப்போது நினைத்தார்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் ஆல்பத்தைப் பார்க்கவில்லை. மைத்துனரின் கைகளைப் பார்த்தார். அந்தக் கைகள் பக்கத்தைத் திருப்பின, மூக்கைச் சொறிந்தன, சட்டைப் பைக்குள் போய்க் கைக்குட்டையோடு வந்தன. கைக்குட்டைக்குள் என்ன? பேச்சு குறைந்தது. மாற்றிக்கொள்ள ஏதாவது உண்டா என்று மைத்துனர் கேட்டால், "இந்த வாரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"சரி, அந்தத் துறைமுக அட்டைங்கள ஒரு வாரம் எங்கிட்டக் குடுங்களேன். பின்னாடி பழைய பசை காஞ்சு கிடக்கு. எடுத்துட்டு நல்ல உறை போட்டுத் தர்றேன்."

"வேணாம்."

"காசு கேக்க மாட்டேன் அத்தான்."

"வேணாம்னா வேணாம்."

சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது.

ஒரு ஞாயிறு பொறி வைத்துப் பார்த்தார். ரயில் இன்ஜின் படம் போட்ட இன்னொரு ஆரஞ்சுத் தபால்தலை இருந்தது. அவரே தேடிக் கண்டெடுத்தது. அதற்கும் துளை போட்டிருந்தார். அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் எடுப்பாக வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல வெளியே போய்க் கதவிடுக்கில் நின்றார். தன் வீட்டுக் கதவிடுக்கில் தானே நிற்பது அவருக்கு விநோதமாகத்தான் இருந்தது. உள்ளே மைத்துனர் காதைக் குடைந்தார். ஏதோ முணுமுணுத்தார். இன்ஜினைக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டார். போன பிறகு செக்கர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இன்ஜின் இருந்தது, துளையும் இருந்தது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. எதற்கு ஏமாற்றம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இன்ஜின்தான் சில மாதங்கள் கழித்து வழக்கை முடித்துவைத்தது. ஆல்பத்தைத் திறந்தார், அதுவும் பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவியிருந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு மிச்சம். வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்து வெள்ளையில், தான் குத்திய அதே இடத்தில், அதே துளை. தபால்தலை மாறவில்லை. நிறம்தான் மாறியிருக்கிறது. அப்படியானால் கப்பலும் அதே கப்பல்தான்.

அலமாரி திறந்து கிடந்தது. துடைக்க வந்த மனைவி மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது, டயர் கடையத் திறந்த மாதிரி நாத்தம்?"

"டிக்கெட் கட்டுங்க. ரப்பர் போட்டிருக்கு."

"இதுக்குள்ளயா போட்டு மூடி வச்சிருக்கீங்க? வெள்ளிக் கரண்டில ரப்பர் வளையம் போட்டு வச்சா கறுத்துப்போகும்னு எனக்கே தெரியுமே. உங்க காயிதத்துக்கு ஆகுமா?"

செக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பரிலிருந்து எழும் கந்தக ஆவி, ஆரஞ்சு மைக்கு ஆகாதது. காற்றுப் புகாத அலமாரி. மரப்பெட்டியில் தனியாக இருந்த கப்பல் கங்கு போல இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அவர் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அவன் எடுக்கல."

"இல்ல."

"சரி. இப்ப அந்த ஓட்டைங்கள என்ன பண்ணுவீங்க?"

ஊசி போன வழியே திரும்பி வந்து காகிதத்தைத் தைக்காது.

ரப்பரையெல்லாம் அறுத்து எறிந்தார். கட்டுகளை நூலால் கட்டினார். சந்தேகம் மட்டும் போகவில்லை, திசை மாறிக்கொண்டது. இப்போது அவர் தேடியது திருடனை அல்ல, தன்னைப் பிடிக்கப்போகிறவரை. டிக்கெட் இல்லாமல் ஏறியவனுக்கு முன் இருக்கையில் செக்கர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்தது. மைத்துனர் சாதாரணமாக "என்ன அத்தான் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றால், தெரிந்துதான் கேட்கிறானோ என்று தோன்றியது. ஒரு ஞாயிறு கண் வலி என்றார். அடுத்த ஞாயிறு சாவியைக் காணோம் என்றார்.

"இடுப்புல தொங்குதே" என்றார் மைத்துனர்.

"இது வேற சாவி."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதுக்கு இவர்தான்டா" என்று மனைவி முணுமுணுத்தபடி தட்டை வைத்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு மைத்துனர் வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். தகரப் பெட்டியைத் திறந்து ஓர் அட்டையை மேசையில் வைத்தார். கலங்கரை விளக்கம். துறைமுக வரிசையில் செக்கரிடம் இல்லாத ஒரே அட்டை. எத்தனையோ கடை ஏறி இறங்கியும் கிடைக்காத அட்டை.

"எங்கடா கிடைச்சுது?"

"ஒரு கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாடி. கண்ணு வலி, காது வலின்னு எதுவும் சொல்லாதீங்க. மணிக்கூண்டக் குடுங்க, இத எடுத்துக்கங்க. முறைன்னா முறை."

செக்கர் ஆல்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார். "மணிக்கூண்டு வேணாமே மாப்ள. வேற ஏதாவது..."

"எத்தனை வருஷமா கேக்கறேன்!" மைத்துனர் ஆல்பத்தை இழுத்து, உறையிலிருந்து மணிக்கூண்டை உருவி, பேச்சோடு பேச்சாக ஜன்னல் பக்கம் உயர்த்தினார்.

அட்டையின் நடுக்கோட்டின் அடியில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது.

"சுவத்துல மாட்டியிருந்தாங்க போல" என்று உதட்டைப் பிதுக்கினார். அடுத்த அட்டையை உருவினார். அதிலும் அதே இடத்தில் புள்ளி. இன்னொன்று. இன்னொன்று. பிறகு அவர் அட்டைகளை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். படங்களின் முதுகைப் பார்த்தே பிழைப்பவர். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"புது ஓட்டை அத்தான். ஓரத்துல அழுக்கே ஏறல. எல்லாத்துலயும் ஒரே இடம்." அவர் நிமிர்ந்தார். சமையலறை வாசலில் அக்காள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ உலர்ந்துவிட்டது. "அக்கா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"செக்கிங் முடிஞ்சுதா அத்தான்? என் டிக்கெட்டு சரியா இருந்துச்சா?"

"மாப்ள, அந்தக் கப்பல் கறுத்துப்போச்சு. நான் என்ன நெனச்சேன்னா..."

"நெனச்சது தெரியுது. குத்தி வச்சிருக்கீங்களே. கறுத்துப்போச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கூட எத வச்சிருக்கீங்கன்னு பாத்திருப்பேன். கேக்கறதுக்கு என்ன அத்தான்? பஸ்ஸுல ஊரு பேரு தெரியாதவன்கிட்ட எல்லாம் கேட்டீங்க."

அவர் தகரப் பெட்டியை மூடினார். கலங்கரை விளக்கத்தை மட்டும் மேசையிலேயே விட்டார். "இது உங்களுக்குன்னுதான் வந்துச்சு. வெளிச்சத்துல பாத்துக்கங்க. ஓட்டை இல்ல."

"சாப்பிட்டுப் போடா" என்றாள் அக்காள்.

"பசிக்கலக்கா."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆயிரம் இருக்கும். சமைச்சது நான். நான் எத்தனை ஓட்டை போட்டேன்? உக்காரு."

அவர் உட்கார்ந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார்.

வாசலை மிதிக்கமாட்டார் என்று அக்காள் பயந்தது நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார், அவளுக்காக. தகரப் பெட்டி மட்டும் வரவில்லை. செக்கர் ஆல்பத்தை எடுத்து வைத்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொள்வார்.

"திருப்பு மாப்ள."

"நீங்களே திருப்புங்க அத்தான். நான் பாக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு தடவை ஒரு சோப்பு உறை காற்றில் நழுவி அவர் பாதத்தருகே விழுந்தது. அவர் காலை மெல்லத் தூக்கிக்கொண்டார். "கீழ விழுந்திருக்கு" என்றார். செக்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்தார். சமையலறையிலிருந்து முன்னைப்போல் குறுக்குப் பேச்சு வரவில்லை. வேண்டிய பண்டம் எல்லாம் போட்டுச் சமைத்தும் உப்புப் போட மறந்த சாப்பாடு மாதிரி ஆகியிருந்தது ஞாயிற்றுக்கிழமை.

ஒரு நாள் காலை செக்கர் துறைமுக ஆல்பத்தையும் கலங்கரை விளக்கத்தையும் ஒரு துணிப்பையில் வைத்துச் சட்டக் கடைக்குக் கொண்டுபோனார்.

"என்னது?"

"பசை எடுத்து உறை போட்டுத் தர்றேன்னியே."

"அது அப்போ."

"பசை இப்பவும் இருக்கு."

மைத்துனர் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "அப்படின்னா எண்ணிக் குடுங்க. எத்தனை அட்டை, எது எது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நாளைக்கு எனக்கும் உங்களுக்கும் வம்பு வேணாம்."

"எண்ணல."

"எண்ணாம நீங்க ஒரு பஸ்ஸ விட்டு இறங்கினதில்லையே."

"எண்ணல மாப்ள" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். தெருமுனையில் கால் தானாக நின்றது. திரும்பிப் போய், "அந்த மணிக்கூண்டு பத்திரம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? தப்பில்லையே? கொஞ்ச நேரம் ஒரு விளம்பரப் பலகையைப் படித்துக்கொண்டு நின்றார். எழுத்து எதுவும் மனதில் ஏறவில்லை. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் முள்ளின் மேல் நிற்கிறவர் போல இருந்தார். மேல்தட்டில் அந்த ஆல்பம் இருந்த இடத்தைப் போய்ப் போய்ப் பார்த்தார்.

"கடைக்குப் போய் எட்டிப் பாத்துட்டு வரணும்னா வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி.

"நான் எதுக்குப் போறேன்?"

"போக வேணாம். செருப்ப மட்டும் எதுக்கு மாட்டியிருக்கீங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் துணிப்பையோடு வந்து அதை மேசையில் வைத்தார். "சரிபாருங்க."

செக்கர் எண்ணவில்லை. ஆல்பத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். புது உறைகள் தெளிவாக, சுருக்கம் இல்லாமல் இருந்தன. காய்ந்த பசை போன இடத்தில் அட்டைகள் சுத்தமாக இருந்தன. துளைகள் இருந்த இடத்தில் இருந்தன. கலங்கரை விளக்கம் அதன் இடத்தில் இருந்தது. புது உறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் செக்கரின் விரல் வழுக்கியது. ஒரு பக்கத்தைத் திருப்ப நகத்தால் நெடுநேரம் நெம்பிக்கொண்டிருந்தார்.

மைத்துனர் பொறுத்துப் பார்த்தார். "இந்த வேகத்துல போனா கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேராது அத்தான். அக்கா, சோத்த இப்ப வடிக்காத!"

"நான் அடுப்பே பத்தவைக்கலடா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்க அத்தான் வேகம் எனக்குத் தெரியாதா?"

மடியிலிருந்து ஒரு கை எழுந்து வந்து, சுண்டிவிட்டாற்போல் பக்கத்தைத் திருப்பியது.

செக்கரின் கண் அந்தக் கையைப் பின்தொடர்ந்தது. அவர் சொல்லி அது கேட்கவில்லை. விரல்கள் போன வழியே போய், மைத்துனரின் சட்டைப்பை வரை போய்த் திரும்பி வந்தது. மைத்துனர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் கை அந்தரத்தில் நின்றது.

பிறகு மைத்துனர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.